பவளத்தின் நெருக்கப் படம் சரியாக வரவில்லையா? கேமரா வாங்கும் முன் கெட்டுப்போன படத்தைப் பாருங்கள்

உயிருள்ள பவளங்களைக் கடல்நீரில் வளர்க்கும் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் பலருக்கும் இந்த ஏக்கம் உண்டு. கண்ணெதிரே பச்சையும் ஆரஞ்சுமாக ஜொலிக்கிற பவளம், படத்தில் நீலக் கறையாக வந்து நிற்கும். உடனே எழும் கேள்வி: எந்த கேமரா வாங்கலாம்?

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சரியாக வராத படங்களை அழித்துவிடாமல், அவற்றில் ஒரு பத்தைப் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். எந்தக் குறை திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, பெரும்பாலான குறைகளுக்குக் காரணம் விளக்கு, கண்ணாடி, தண்ணீர், லென்ஸ் இந்த நான்கில் ஒன்று. கேமரா உடல் காரணமாக இருப்பது குறைவு. காரணம் தெரியாமல் புது கேமரா வாங்கினால் அதே குறை அதிக மெகாபிக்சலில் வரும், அவ்வளவுதான். அதனால் கீழே ஒவ்வொரு குறையாக எடுத்து, காரணம் என்ன, இருப்பதை வைத்து எப்படிச் சரி செய்வது, வாங்கியே ஆக வேண்டுமென்றால் எதை வாங்குவது என்று சொல்கிறேன்.

படம் முழுக்க நீலமாக இருக்கிறது

முதல் இடம் இந்தக் குறைக்குத்தான். பவளத் தொட்டி விளக்குகளின் ஒளியில் பெரும்பங்கு 420 முதல் 460 நானோமீட்டர் வரையிலான ஊதாவும் நீலமும். பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு அந்த ஒளி பிடிக்கும், பவளமும் அதில் அழகாக ஒளிரும். நம் கண்ணும் மூளையும் சில நிமிடங்களில் அந்த நீலத்துக்குப் பழகிவிடும். கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வந்து விழுந்த ஒளியை அப்படியே பதிவு செய்யும்.

இதில் பலர் கவனிக்காத இன்னொரு இழப்பும் உண்டு. சென்சாரின் ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் ஒரு சின்ன நிற வடிகட்டி இருக்கிறது. கோடக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். வெறும் நீல வெளிச்சத்தில் முழுமையாக வேலை செய்வது அந்த நான்கில் ஒன்றுதான். 24 மெகாபிக்சல் கேமராவாக இருந்தாலும் அப்போது விவரத்தைச் சேகரிப்பது முக்கியமாக 6 மெகாபிக்சல்தான். நீலப் படங்கள் நிறத்தில் மட்டுமல்ல, விவரத்திலும் சொதசொதவென்று இருப்பது இதனால்தான். இன்னும் விலையுயர்ந்த கேமரா இதைத் தீர்க்காது.

விளக்கில் இருந்து தொடங்குங்கள். உங்கள் விளக்கில் வெள்ளைக்கும் நீலத்துக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு இருந்தால், படம் எடுக்கும் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் வெள்ளையைக் கூட்டி நீலத்தைக் குறைத்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்து ஏற்ற வேண்டாம். மொத்த வெளிச்சம் திடீரென்று ஏறுவது பவளத்துக்கு நல்லதல்ல. இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்தது ரா கோப்பு, அதாவது சென்சார் பதிந்ததைக் கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு. ஜேபெக்கில் எடுத்தால் கேமரா நிறத்தை முடிவு செய்து, மீதித் தகவலைத் தூக்கிப் போட்டுவிடும். பெரும்பாலான கேமராக்களில் எதை வெள்ளையாகக் கொள்வது என்று சொல்லும் ஒயிட் பேலன்ஸை 10,000 கெல்வினுக்கு (வெளிச்சத்தின் நிற அளவு, எண் கூடினால் நீலம் கூடும்) பக்கத்தில்தான் அதிகபட்சமாக வைக்க முடியும். பவளத் தொட்டி வெளிச்சம் அதையும் தாண்டி 14,000, 20,000 என்று போகும். ரா கோப்பாக இருந்தால் கணினியில் திருத்தும்போது லைட்ரூம் போன்ற மென்பொருளில் 50,000 கெல்வின் வரை நகர்த்தலாம். ஒரு வெள்ளை பிளாஸ்டிக் துண்டைப் பவளத்துக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் பிடித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு அதையே வெள்ளைக்கான அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, எக்ஸ்போஷர், அதாவது எவ்வளவு வெளிச்சத்தைப் பதிவது என்பது. கேமராவில் மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைத் திறந்து நீல வரைபடத்தை மட்டும் பாருங்கள். அது வலது ஓரத்தில் மோதி நின்றால் அந்த இடங்களில் நீலம் நிரம்பி வழிந்துவிட்டது என்று பொருள். பிறகு எந்த மென்பொருளாலும் அங்கே விவரத்தைக் கொண்டுவர முடியாது. திரையில் படம் இருட்டாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, நீலம் ஓரத்தைத் தொடாத அளவுக்கு ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் குறைத்து எடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைப்பது வெளிச்சத்தைப் பாதியாக்குவது).

இவ்வளவும் செய்த பிறகு, விளக்கை மாற்ற வழியே இல்லை என்றால் மட்டும் லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு வடிகட்டி. கைபேசியில் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் எளிய வழி.

ஆக, இந்தக் குறைக்காகக் கேமரா வாங்குவதென்றால் பார்க்க வேண்டியவை இரண்டே: ரா கோப்பு தருமா, மூன்று நிற ஹிஸ்டோகிராம் காட்டுமா. பத்து வருடம் பழைய டிஎஸ்எல்ஆர் பலவற்றிலும் இரண்டும் உண்டு.

நிறம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் கண்ணில் கண்ட நிறம் இல்லை

வடிகட்டி போட்டதன் பலன் இது. ஏன் என்று புரிந்துகொண்டால் எப்போது வடிகட்டி போடலாம், எப்போது கூடாது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

பவளத்தின் நிறங்கள் ஒரே வகை அல்ல. சில நிறமிகள் நீல ஒளியை உள்வாங்கிப் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ திருப்பி உமிழும். ஒசாமு ஷிமோமுரா 1962-ல் ஜெல்லிமீனில் பிரித்தெடுத்த பச்சை ஒளிர்புரதத்தின் உறவுக்காரர்கள் இவை. அந்தப் புரதத்துக்காக அவருக்கும் மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியனுக்கும் 2008-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பவள இனங்களிலும் அதே குடும்பப் புரதங்கள் இருப்பது 1999-ல் வெளியானது. வேறு சில நிறமிகள் ஒளிர்வதில்லை. விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கி, மீதியைத் திருப்பி அனுப்பும். கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா பவளத்தின் ஆழ்ந்த ஊதாவும் நீலமும் பெரும்பாலும் இந்த வகை.

ஆரஞ்சு வடிகட்டி நீல ஒளியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஒளிர்ந்து வரும் பச்சையும் ஆரஞ்சும் மட்டும் உள்ளே போகின்றன. அதனால் அவை நெருப்பாகத் தெரியும், ஒளிராத ஊதாவும் நீலமும் கரிநிறமாகிவிடும். ஆரஞ்சு அடர்த்தி கூடக்கூட இந்தச் சாய்வும் கூடும். ஒளிர்வையே காட்டுவதுதான் நோக்கம் என்றால் தாராளமாகப் போடுங்கள். பவளத்தின் உண்மை நிறத்தைக் காட்ட வேண்டுமென்றால், குறிப்பாக வேறொருவருக்குப் பவளத் துண்டு கொடுப்பதற்காக எடுக்கும் படமென்றால், வெள்ளை வெளிச்சத்தில் வடிகட்டி இல்லாமல் ஒன்றாவது எடுத்துக் காட்டுங்கள். வாங்குபவர் தன் தொட்டியில் வைத்துப் பார்த்து ஏமாறக் கூடாது.

பவளம் படத்தில் சின்னதாகத் தெரிகிறது

கருவியை மாற்றித்தான் ஆக வேண்டிய குறை என்றால் அது இதுதான். மாற்ற வேண்டியது லென்ஸை.

கணக்கு எளிது. ஜோவாந்தஸின் ஒரு பாலிப், அதாவது பூப்போல விரியும் தனி உயிர், விரிந்திருக்கும்போது ஏறக்குறைய 1 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். கேமராவோடு வரும் சாதாரண 18-55 லென்ஸ் பொதுவாக 0.3 மடங்கு சொச்ச அளவில்தான் காட்டும். சென்சாரில் விழும் உருவம் 3 மி.மீ. பல கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி வகை சென்சாரின் அகலம் 23.5 மி.மீ., ஆக படத்தின் அகலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதே பாலிப்பை, பொருளை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழவைக்கும் 1:1 மேக்ரோ லென்ஸில் எடுத்தால் சென்சாரில் 10 மி.மீ. விழும், படத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் நிறையும். சென்சார் இன்னும் சின்னதான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில், அதன் அகலம் 17.3 மி.மீ. என்பதால், பாதிக்கு மேல் நிறையும். பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேமில் கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும். நெருக்கப் படத்துக்குப் பெரிய சென்சார்தான் வேண்டும் என்ற நினைப்பு தேவையில்லை என்பதற்காகவே இந்தக் கணக்கு.

சரி, 1:1 லென்ஸ் வாங்கிவிட்டால் முடிந்ததா? இங்கேதான் பலர் இடறுகிறார்கள். பவளம் கண்ணாடியை ஒட்டி இருப்பதில்லை. 15 செ.மீ., 20 செ.மீ. உள்ளே பாறையின் மேல் உட்கார்ந்திருக்கும். லென்ஸால் அங்கே எட்ட முடியுமா என்பது அடுத்த கேள்வி.

லென்ஸ் விவரத்தில் 'குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 30 செ.மீ.' என்று போட்டிருப்பார்கள். அந்த 30 செ.மீ. லென்ஸின் நுனியில் இருந்து அல்ல, சென்சாரில் இருந்து அளந்தது. கேமராவின் மேல்பக்கத்தில் ஒரு வட்டத்தை ஒரு கோடு குறுக்கே வெட்டுவது போல ஒரு குறி இருக்கும், சென்சார் அந்த நேரில் இருக்கிறது. கேமராவும் லென்ஸும் சேர்ந்து அதில் பாதியைத் தின்றுவிடும். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ்களில் 1:1-க்குப் போகும்போது லென்ஸ் நுனிக்கு முன்னால் மிஞ்சுவது ஏறக்குறைய 14 செ.மீ. 60 மி.மீ. மேக்ரோவில் 9 செ.மீ. அளவுதான்.

தண்ணீர் இங்கே நமக்குக் கொஞ்சம் உதவி செய்கிறது. கடல்நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.34. தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும்போது, 20 செ.மீ. உள்ளே இருக்கும் பவளம் லென்ஸுக்கு 15 செ.மீ. தூரத்தில் இருப்பது போலத்தான் தெரியும். ஆக 100 மி.மீ. லென்ஸைக் கண்ணாடியை ஒட்டிப் பிடித்தால் 18, 19 செ.மீ. உள்ளே இருக்கும் பவளம் வரை 1:1 கிடைக்கும். 60 மி.மீ. லென்ஸில் அது 12 செ.மீ.யோடு நின்றுவிடும். லென்ஸ் வாங்கும் முன் ஒரு அளவுகோலை எடுத்துக்கொண்டு போய், உங்களுக்குப் பிடித்த பவளங்கள் முன்கண்ணாடியில் இருந்து எத்தனை செ.மீ. தள்ளி இருக்கின்றன என்று அளந்து பாருங்கள். எந்த லென்ஸ் என்று அந்த எண்ணே சொல்லிவிடும். பெரும்பாலான தொட்டிகளுக்கு 90 முதல் 105 மி.மீ. வரை சரியான இடம் என்பது என் முடிவு. சோனியின் 90, நிக்கானின் 105, கேனானின் 100, டாம்ரானின் 90 எல்லாமே இந்த வேலைக்குப் பொருந்தும். உங்களிடம் எந்த நிறுவனத்தின் கேமரா இருக்கிறதோ அதற்கானதை எடுத்துக்கொள்ளுங்கள். தானியங்கி ஃபோகஸ் இல்லாத பழைய மேக்ரோ லென்ஸ் கிடைத்தாலும் தயங்க வேண்டாம், இந்தத் தூரத்தில் கையால் ஃபோகஸ் செய்வதே நல்லது.

மேக்ரோ லென்ஸ் வாங்க இப்போது முடியாது, ஆனால் 55-200 போன்ற டெலி ஜூம் கையில் இருக்கிறது என்றால் அருமையான மாற்று வழி ஒன்று உண்டு. லென்ஸின் முன்னால் மாட்டும் நெருக்கக் கண்ணாடி. ரேனாக்ஸின் டிசிஆர்-150 என்பது, லென்ஸ் திறனை அளக்கும் டயாப்டர் கணக்கில் 4.8 கொண்டது. ஜூமை 200-ல் வைத்து, ஃபோகஸை முடிவிலியில் விட்டு இதை மாட்டினால், ஏறக்குறைய 20 செ.மீ. தூரத்தில் கிட்டத்தட்ட 1:1 கிடைக்கும். தொட்டிக்கு இது மிகவும் தோதான தூரம். அதன் அண்ணன் டிசிஆர்-250 இன்னும் பெரிதாகக் காட்டும், ஆனால் தூரம் 12 செ.மீ. சொச்சமாகக் குறைந்துவிடும், எனவே தொட்டிக்கு 150-தான். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே போடும் நீட்டுக் குழாய்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை பெரிதாக்கும், ஆனால் 50 மி.மீ. லென்ஸோடு போட்டால் பவளம் கண்ணாடியோடு ஒட்டி இருந்தால்தான் எட்டும்.

கைபேசிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2021-ல் வந்த ஐபோன் 13 ப்ரோ தொடங்கிப் பல கைபேசிகளில் 2 செ.மீ.யில் ஃபோகஸ் ஆகும் மேக்ரோ இருக்கிறது. அது அகலக்கோண லென்ஸில் இயங்குவது. பவளம் 15 செ.மீ. உள்ளே இருக்கும்போது அதனால் பயன் இல்லை. மேக்ரோவை அணைத்துவிட்டு, 2 அல்லது 3 மடங்கு டெலி லென்ஸில் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

படம் மங்கலாக இருக்கிறது

'மங்கல்' என்பது ஒரு குறை அல்ல, ஐந்து குறைகளுக்கு ஒரே பெயர். படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பவளத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றிப் பாருங்கள். துப்பு அங்கேதான் இருக்கும்.

பவளம் மங்கல், ஆனால் பின்னாலோ முன்னாலோ உள்ள பாறை கூர்மையாக இருக்கிறது: ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. தானியங்கி ஃபோகஸ் கண்ணாடியில் உள்ள கீறலையோ பாசிப் புள்ளியையோ பிடித்துக்கொள்ளும். கையால் ஃபோகஸ் செய்யும் நிலைக்கு மாற்றி, திரையில் 5 மடங்கு, 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் கேமராவையே மில்லிமீட்டர் கணக்கில் முன்னும் பின்னும் நகர்த்திப் பிடியுங்கள். கேமரா வாங்கும்போது இந்தப் பெரிதாக்கும் வசதியும், கூர்மையான ஓரங்களை நிறமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கும், சாய்க்கக்கூடிய திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியின் கீழ்த்தட்டில் உள்ள பவளத்தை எடுக்க அரை மணி நேரம் தரையில் குனிந்திருந்தால் அந்தத் திரையின் அருமை தெரியும்.

பவளத்தின் கீழே இருக்கும் பாறை கூர்மை, உணர்கொம்புகள் மட்டும் கலங்கல்: பவளம் ஆடியிருக்கிறது. அலை பம்புகளையும், கீழ்த்தொட்டியில் இருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பையும் நிறுத்துங்கள். நிறுத்திய உடனே எடுக்காதீர்கள், தண்ணீர் ஓய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். நிறுத்தும் முன் கைபேசியில் பதினைந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிடுங்கள். ஒருமுறை நான் ஒரு கோனியோபோரா பவளத்தோடு மெய்மறந்து உட்கார்ந்துவிட்டேன், பம்ப் நின்றிருப்பதே நினைவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து அலாரம் இல்லாமல் நான் பம்பைத் தொடுவதில்லை. ரிட்டர்ன் பம்ப் நின்றால் மேலிருந்து இறங்கும் தண்ணீரை வாங்கிக்கொள்ளக் கீழ்த்தொட்டியில் இடம் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது, மணல் துகளின் பளபளப்புகூடப் புள்ளியாக இல்லாமல் சின்னக் கோடாக நிற்கிறது: கேமரா அசைந்திருக்கிறது. முக்காலியில் வையுங்கள், 2 விநாடி டைமர் போடுங்கள், பழைய லென்ஸாக இருந்தால் முக்காலியில் அதன் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள். தரை அதிர்ந்தாலும் இது வரும், படம் எடுக்கும்போது அறையில் யாரும் நடக்காமல் இருந்தால் நல்லது.

படத்தின் நடுவில் ஓரளவு சரி, ஓரத்துக்குப் போகப் போக நிறங்கள் பிரிந்து, ஒவ்வொரு விளிம்பிலும் ஊதா, மஞ்சள் இழை தெரிகிறது: கண்ணாடிக்குச் சாய்வாக எடுத்திருக்கிறீர்கள். இதுதான் மிகவும் ஏமாற்றுகிற குறை, நல்ல லென்ஸைக் கூட மட்டமான லென்ஸ் போலக் காட்டிவிடும். ஒளி தண்ணீரில் இருந்து கண்ணாடிக்கும் கண்ணாடியில் இருந்து காற்றுக்கும் சாய்வாக வரும்போது ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு கோணத்தில் வளையும். லென்ஸின் நேர்க்கோடு கண்ணாடிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், மேலே கீழே மட்டுமல்ல, இடம் வலமாகவும். ரப்பர் லென்ஸ் ஹுட் ஒன்றை மாட்டி அதன் விளிம்பு முழுவதும் கண்ணாடியில் சீராகப் பதியும்படி வைத்தால் கோணம் தானாகச் சரியாகிவிடும். முகப்பு வளைந்த தொட்டிகளில் இந்தத் தொல்லை எப்போதும் கொஞ்சம் இருக்கும், அங்கே மேலிருந்து எடுப்பதே மேல்.

கூர்மை ஓரளவு இருக்கிறது, ஆனால் படத்தின் மேல் பால் ஊற்றியது போல வெளிறல்: கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய பாசிப் படலம், அல்லது வெளியே உப்புக் கறை. காந்தத் துடைப்பானால் துடைக்கும் முன் அதற்குள் மணல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், ஒரே ஒரு மணல் துகள் போதும் நிரந்தரக் கீறலுக்கு. துடைத்த பிறகு ஒரு மணி நேரமாவது விடுங்கள். கிளம்பிய துகள்களைத் தொட்டியின் வடிகட்டி இழுத்துக்கொள்ளட்டும்.

ஒரு இழை மட்டும் கூர்மை, மற்றதெல்லாம் கரைந்துவிட்டது

கருவியில் பழுது இல்லை. நெருக்கப் படத்தின் இயல்பே இதுதான். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 1:1 அளவில் லென்ஸ் துளையை எஃப் 11-ல் வைத்தால் (எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்), கூர்மையாக இருக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. அக்ரோபோரா கிளை நுனியை அந்த அளவில் பார்த்தால் தெரியும்: நுனியின் வெளிர்க் கிண்ணம் ஊசிமுனை போலத் தெளிவாக இருக்கும், அதற்குக் கீழே சுற்றிலும் அடுக்கடுக்காக நிற்கும் குட்டிக் கிண்ணங்களில் முதல் வரிசை மட்டும் விளிம்போடு தெரியும், அடுத்த வரிசை நிறமாகக் கரைந்து போயிருக்கும்.

எஃப் 22, எஃப் 32 என்று மூடிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். போகாதீர்கள். 1:1-ல் எஃப் 11 என்பது செயலளவில் எஃப் 22 ஆகிவிடுகிறது. அதற்கு மேல் மூடினால் ஒளியின் விளிம்பு வளைவால் படம் முழுவதும் மென்மையாகி, கிடைத்த ஆழத்தின் பயனும் போய்விடும்.

நான் செய்வது, கொஞ்சம் பின்வாங்குவது. பாதி அளவில், அதாவது 1:2-ல் எடுத்தால் அதே எஃப் 11-ல் ஆழம் கிட்டத்தட்ட 4 மி.மீ. ஆகிவிடும். பிறகு படத்தைத் தேவையான அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். மெகாபிக்சல் அதிகம் உள்ள கேமராவுக்கு உண்மையான பயன் இந்த இடத்தில்தான். அதோடு, கூர்மைத் தளம் எங்கே விழ வேண்டும் என்று யோசித்து எடுங்கள். தட்டையாக விரிந்திருக்கும் பவளத்துக்கு அதன் முகம் சென்சாருக்கு இணையாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். உருண்டையான பவளத்துக்கு அதன் வாய் கூர்மையாக இருந்தால் போதும், ஓரம் கரைந்தாலும் பார்ப்பவர் கண் ஏற்றுக்கொள்ளும்.

ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக இணைக்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் அக்ரோபோரா, மான்டிபோரா போன்ற அசையாத பவளங்களுக்கு நன்றாக வரும். யூஃபிலியா போல நீள விரல்களோடு ஆடும் பவளத்துக்கு முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகள்

பல எல்இடி விளக்குகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்காக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரி வரியாகப் படிக்கும்போது சில வரிகள் எரியும் நேரத்திலும் சில அணைந்த நேரத்திலும் மாட்டிக்கொள்கின்றன. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், 1/60 அல்லது அதைவிட மெதுவாக எடுங்கள். கைபேசியில் மெக்கானிக்கல் ஷட்டர் கிடையாது. அங்கே விளக்கின் ஒரு நிறத்தை மட்டும் முழு அளவில் வைத்து மற்றவற்றை அணைத்துப் பாருங்கள், முழு அளவில் பல விளக்குகள் துடிக்காமல் எரியும். மிரர்லெஸ் கேமரா வாங்குபவர்கள், அதில் மெக்கானிக்கல் ஷட்டர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

வெள்ளைப் புள்ளிகள், பனி போல

தண்ணீரில் மிதக்கும் துகள் அல்லது நுண்குமிழ். பம்பை நிறுத்திக் காத்திருந்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். ஃபிளாஷ் போடுபவர்கள் அதைக் கேமராவின் மேல் வைத்தால் லென்ஸுக்கும் பவளத்துக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு துகளும் பளீரென்று ஒளிரும். ஃபிளாஷைக் கழற்றித் தொட்டியின் மேலே, தண்ணீருக்குச் செங்குத்தாகக் கீழ்நோக்கி வையுங்கள். அப்போது வெளிச்சம் பவளத்துக்குச் சூரியன் போல மேலிருந்து வரும். ஆனால் ஃபிளாஷின் வெள்ளை ஒளி பவளத்தின் ஒளிர்வை அமுக்கிவிடும், அதை நினைவில் வைத்து முடிவு செய்யுங்கள்.

கண்ணாடியில் உங்கள் முகமும் சன்னலும் தெரிகின்றன

அறை விளக்கை அணையுங்கள், திரையை இழுத்து மூடுங்கள், கறுப்புச் சட்டை போடுங்கள். மேலே சொன்ன ரப்பர் ஹுட் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி வாங்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அது பிரதிபலிப்பை நன்றாக வெட்டுவது செங்குத்தில் இருந்து ஏறக்குறைய 56 டிகிரி சாய்வாகப் பார்க்கும்போதுதான். நாம் நேராக எடுக்கிறோம், அங்கே அதற்கு வேலையே இல்லை. வெளிச்சத்தை மட்டும் ஒரு ஸ்டாப்புக்கு மேல் தின்றுவிடும்.

மேலிருந்து எடுத்தால் தண்ணீர் நெளிகிறது

பவளங்களின் மிக அழகான முகம் மேல்முகம்தான். ஜோவாந்தஸ் பாலிப்பின் வளையங்கள், காளான் பவளத்தின் கதிர்க் கோடுகள் எல்லாம் மேலிருந்து பார்க்கும்போதுதான் முழுதாகத் தெரியும். பம்பை நிறுத்தினாலும் மேற்பரப்பில் ஒரு மெல்லிய நடுக்கம் இருக்கும். அடிப்பக்கம் தட்டையான அக்ரிலிக் பெட்டி ஒன்றை ஓரிரு செ.மீ. தண்ணீருக்குள் அமிழ்த்தி, அதற்குள் லென்ஸை வைத்து எடுத்தால் நெளிவு போய்விடும். கேமராவின் பட்டை கழுத்தில் இருக்கட்டும்.

மேல்முகப் படம்தான் உங்கள் விருப்பம் என்றால் நான் தயங்காமல் சொல்லும் கேமரா ஒன்று உண்டு. ஒலிம்பஸின் டிஜி-6, 2019-ல் வந்தது. அடுத்து ஓஎம் சிஸ்டம் பெயரில் 2023-ல் வந்த டிஜி-7. சென்சார் 1/2.3 அங்குலம், 12 மெகாபிக்சல்தான். ஆனால் 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது, ரா கோப்பு தரும், லென்ஸுக்கு 1 செ.மீ. அருகில் உள்ளதைக்கூட மைக்ரோஸ்கோப் நிலையில் ஃபோகஸ் செய்யும். கேமராவையே தண்ணீருக்குள் விட்டுவிடலாம், கண்ணாடி, கோணம், பிரதிபலிப்பு மூன்று தொல்லையும் ஒரே அடியாகப் போய்விடும். கண்ணாடி வழியே 20 செ.மீ. தள்ளி எடுக்க இது சரிப்படாது, அதற்கு மேக்ரோ லென்ஸ்தான். விடும் முன் மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு முடிகூட இல்லை என்று உறுதி செய்யுங்கள், கையில் கிரீம் எதுவும் இருக்கக் கூடாது. எடுத்த பிறகு நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மூடியைத் திறங்கள்.

எல்லாம் தயார், பவளம் மட்டும் மூடிக்கொண்டது

கை நிழல், ஃபோகஸுக்கு உதவ கேமரா அடிக்கும் சின்ன விளக்கு, கண்ணாடியில் முக்காலி மோதிய அதிர்வு, இவற்றில் எதுவும் காரணமாகலாம். ஃபோகஸ் உதவி விளக்கை அமைப்பில் போய் அணைத்துவிடுங்கள். கேமராவை நிறுத்தி, சட்டகத்தைச் சரி செய்து, எல்லாம் முடித்துவிட்டுப் பின்னால் போய் உட்காருங்கள். பம்ப் நின்றால் சில பவளங்கள் இன்னும் விரியும், சில சுருங்கும். உங்கள் தொட்டியில் எது எப்படி என்று இரண்டு மூன்று முறையில் தெரிந்துவிடும். சுருங்குகிற வகைக்குப் பம்பை ஓடவிட்டு, 1/250 வேகத்தில், சென்சாரின் ஒளி உணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓவை ஏற்றி எடுங்கள். கொஞ்சம் இரைச்சல் புள்ளி வந்தாலும் விரிந்த பவளமே நல்ல படம். பல கல் பவளங்கள் விளக்கு மங்கத் தொடங்கும் நேரத்தில்தான் இழைகளை முழுதாக நீட்டும், அந்த நேரத்துக்கு முன்பே கேமராவை முக்காலியில் ஏற்றி வைத்துவிடுங்கள்.

அலாரம் அடித்ததும், நல்ல படம் கிடைத்ததோ இல்லையோ, பம்பை முதலில் போடுங்கள். ரிட்டர்ன் பம்ப் ஓடத் தொடங்கியதும் ஒரு கூட்டம் நுண்குமிழ் வரும். அது அடங்கி, தண்ணீர் மட்டம் பழைய கோட்டுக்கு வந்து, கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மரும் பழைய சத்தத்தில் ஓடுகிறதா என்று நின்று பார்த்த பிறகே மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு கணினிக்குப் போங்கள்.